பார்க்காமல் போட்ட ஐம்பது

1. மொட்டையடித்த புல்

பேஸ்பால் என்ற விளையாட்டை முதன்முதலில் பார்த்த அன்றே எனக்கு வேலை போகப் பார்த்தது.

எண்பத்தாறாம் ஆண்டு, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பேர்ண் நகரின் மேற்குப் பக்கத்தில், பூம்ப்ளிஸில் இருந்த ஒரு விளையாட்டு மைதானத்தில் உதவியாளனாகச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தஞ்சம் கேட்டு, விசாரணை முடிந்து, பதில் கடிதத்துக்குக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கிடைத்ததெல்லாம் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலைதான். எனக்கு மட்டும் எப்படியோ வெளிக்காற்றில் புல் வெட்டும் வேலை வாய்த்தது. என்னோடு ஒரே அறையில் இருந்த குணம் அண்ணை அதை நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவார்.

அன்று ஓரத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தேன். கால்பந்து மைதானத்தின் ஒரு மூலையில் நான்கு வெள்ளைத் தட்டுகளைப் போட்டு, ஒரு கூட்டம் பேஸ்பால் விளையாடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தூரத்தில், நடுவில் நின்ற ஒரு நெட்டையன் என் கண்ணில் பட்டான். மட்டையில் பந்து படும் சத்தம் என் காதுக்கு வருமுன்னரே அவன் ஓடத் தொடங்கியிருந்தான். பந்து மேலே போய், வளைந்து, இறங்கியது. அது இறங்கிய இடத்தில் அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த பந்துக்கும் அப்படியே செய்தான். அதற்கடுத்த பந்துக்கும் அப்படியே. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நின்றது நான்தான், கையில் இருந்த மெஷின் நிற்கவில்லை.

"சிவா, புல்லு வெட்டச் சொன்னனோ, கிணறு வெட்டச் சொன்னனோ?"

என் மேலாளர் ஹெர் ஸ்பிண்டன். மைதானம் முழுக்க அவர் பொறுப்பு. அவர் பேசியது பேர்ண் ஜெர்மன். முப்பது வருடம் கழித்து எழுதும்போது எல்லோரும் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள், நான் என்ன செய்ய? குனிந்து பார்த்தேன். மெஷின் ஒரே இடத்தில் ஓடி, வட்டமாக மண் தெரியும்வரை புல்லை மொட்டையடித்திருந்தது.

"அந்த ஆள் அடிக்க முந்தியே ஓடுறான்," என்று அவனைக் காட்டினேன்.

ஸ்பிண்டனும் திரும்பிப் பார்த்தார். இரண்டு பந்து பார்த்தார். பிறகு, "அது ரூடி. தபால்காரன். அவனைப் பாக்கிறதெண்டால் மெஷினை நிப்பாட்டிப்போட்டுப் பார்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தலை தப்பினது தம்பிரான் புண்ணியம்.

2. இருபது முதல் எண்பது வரை

மைதானத்தில் ஞாயிறு வேலை என்னுடையது. அதனால் எல்லா ஆட்டத்தையும் பார்க்க வாய்த்தது. ஒரு நாள் அவர்களின் ஸ்கோர் எழுதுகிறவர் வரவில்லை. கல்லூரி நாளில் நான் கிரிக்கெட் அணியின் ஸ்கோரர். விளையாடத் தெரியாதவனை அணியில் வைத்திருக்க அதுதான் வழி. மூன்று ஞாயிறு பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்ததில் அவர்களின் குறியீடுகள் பிடிபட்டிருந்தன. எழுதட்டுமா என்று கேட்டேன், எழுதினேன். அன்றிலிருந்து ஸ்கோர் புத்தகம் என் கையில்.

எங்கள் அணி இரண்டாம் லீக். அதற்குமேல் முதல் லீக், அதில் பெரிய அணி சூரிச்சின் ஓர்லிகோன் பக்கத்தில் இருந்தது. அந்த அணியின் பயிற்சியாளர் டெனிஸ் என்ற அமெரிக்கர். சூரிச்சில் ஒரு கம்பனியில் எஞ்ஜினியர். வாலிபத்தில் தன் நாட்டில் சின்ன லீக்குகளில் விளையாடி, முழங்கால் போனதோடு விட்டவர். அவருக்கு ஒரு சென்டர் ஃபீல்டர் தேவை. சென்டர் ஃபீல்ட் என்றால் தூரத்து நடுப்பகுதி. உயரப் போகும் பந்துகளில் பெரும்பங்கு அங்கேதான் போய் விழும். ரூடியைப் பற்றிக் கேள்விப்பட்டு மே மாதம் பார்க்க வந்தார். அன்று முழு ஆட்டத்திலும் சென்டர் ஃபீல்டுக்கு ஒரு பந்துகூடப் போகவில்லை. மனுசனின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போகும்போது என் தோளுக்கு மேலால் ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்தார். "எழுத்து நல்லாயிருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் என்னாலை இங்கை வரேலாது. ஆறு கிழமைக்கு நீ எனக்கு இவனைப் பாத்து எழுதித் தருவியோ?"

ஒரு படிவம் தந்தார். ஐந்து பெட்டிகள். அடித்தல், அடியின் பலம், ஓட்டம், கை, பிடித்தல். கை என்றால் எறியும் வலு. ஒவ்வொன்றுக்கும் இருபதிலிருந்து எண்பது வரை புள்ளி. ஐம்பது என்றால் நடுத்தரம்.

"ஒண்டு மட்டும் ஞாபகம் வைச்சிரு," என்றார். "கண்டதை எழுது. நினைச்சதை எழுதாதை."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னர் என் தஞ்ச விசாரணையில், தொடங்குமுன்னர் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னதும் இதுதான். 'உங்கடை கண்ணாலை கண்டதை மட்டும் சொல்லுங்கோ. கேள்விப்பட்டதைச் சொல்லவேண்டாம்.' அன்று மூன்று மணித்தியாலம் கண்டதை மட்டும் சொன்னேன். எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார்கள். நம்பினார்களா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குத்தான் கடிதம் வரவேண்டும்.

குணம் அண்ணை அந்தப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபதிலையோ தொடங்குது? அப்ப வெறுந்தாளைக் குடுத்தாலும் இருபது. நாங்கள் பிழையான நாட்டிலை படிச்சிட்டம் தம்பி."

3. நேர்கோடு

ரூடி பேர்ணுக்கு வெளியே ஒரு கிராமத்துக்காரன். இருபத்திரண்டு வயது. காலையில் பூம்ப்ளிஸில் தபால் போடுவான். அவனுடைய ஊரில் ஹோர்னுஸன் என்று ஒரு விளையாட்டு. ஒருவன் நீளமான வளையும் தடியைச் சுழற்றி, உள்ளங்கையளவு கறுப்பு வட்டு ஒன்றை வயலுக்கு மேலால் அடிப்பான். அது குளவி மாதிரி இரைந்துகொண்டு வரும். எதிரணி ஆட்கள் பலகைகளோடு வயல் நெடுக நின்று, அதை நிலத்தில் விழவிடாமல் பலகையை உயர்த்தியோ எறிந்தோ அடித்து விழுத்தவேண்டும். ரூடி ஆறு வயதிலிருந்து அந்த வயலில் நின்றவன். அந்த வட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பேஸ்பால் பந்து சும்மா மிதந்து வருவது.

அவனுடைய அப்பாதான் அந்த ஊர் ஹோர்னுஸன் சங்கத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமையில் மகன் வேறு விளையாட்டுக்குப் போவது அவருக்கு வெட்கக்கேடு. ஒரே ஒரு பருவம் தவணை கொடுத்திருந்தார். கோடை விடுமுறைக்குமுன் முதல் லீக் அணி எடுத்தால் சரி, எடுக்காவிட்டால் பலகையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குத் திரும்பவேண்டும். ரூடி இதை என்னிடம் சொன்னது ஒரு தடவைதான். அதற்குப் பிறகு படிவத்தை நிரப்பும்போதெல்லாம் என் கை கொஞ்சம் கனத்தது.

எங்கள் அணியில் சிலர் அவனைச் சோம்பேறி என்றார்கள். மற்ற ஃபீல்டர்கள் பாய்ந்து, விழுந்து, உருண்டு பிடிப்பார்கள். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். ரூடி ஒருநாளும் பாய்ந்ததில்லை. அவனுக்குப் பாயவேண்டிய தேவை வந்ததில்லை. இதை எப்படி எழுதுவது?

அதற்கு விடை என் வேலையிலேயே இருந்தது. திங்கட்கிழமை காலையில் நான் மைதானம் முழுக்க நடந்து, ஞாயிறு ஆட்டத்தில் கிளம்பிய புல்லை மிதித்து அமத்தவேண்டும். பேஸ்பால்காரரின் சப்பாத்து ஆணிகள் ஈரநிலத்தில் நல்ல அடையாளம் வைக்கும். இடதுபக்க ஃபீல்டரின் தடத்தைப் பார்த்தால், முன்னுக்கு நாலடி, பிறகு நின்று திரும்பிய கிளறல், பிறகு பின்னுக்கு வளைந்து ஒரு ஓட்டம் என்று நாய்க்குட்டி விளையாடின மாதிரி இருக்கும். ரூடியின் தடம் ஒரு கோடு. நின்ற இடத்திலிருந்து பிடித்த இடத்துக்கு நூல் பிடித்த மாதிரி. நாடாவை எடுத்துவந்து அளந்தேன். ஒரு பந்துக்கு முப்பத்தோரு மீட்டர் ஓடியிருந்தான், ஒரு அடிகூட வளைந்திருக்கவில்லை. அந்தக் கோட்டின் முடிவில் புல் துளியும் கிளறுப்படவில்லை. மற்றவர்களின் தடம் முடியும் இடங்களில் உள்ளங்கையளவு குழி இருக்கும், நான் மண் போட்டு நிரப்பவேண்டும். ரூடியின் முடிவிடம் சுத்தம். என் புல்லை இவ்வளவு மரியாதையாக நடத்துகிறானே என்று எனக்கு அவன்மேல் இன்னும் பிரியம் கூடியது.

இந்தச் சுத்தம்தான் பின்னால் என் முகத்தில் கரி பூசப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

'பிடித்தல்' பெட்டியில் எழுபத்தைந்து போட்டேன். தடங்களின் படத்தை அடியில் கீறி அனுப்பினேன். டெனிஸ் தபாலட்டையில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இருபது வருடத்தில் ஒருவரும் எனக்கு இப்படி அறிக்கை அனுப்பவில்லை.' அந்த அட்டையை நான் பத்து நாள் சட்டைப் பையில் கொண்டு திரிந்தேன்.

ஓட்டம் அறுபது. அடித்தல், அடியின் பலம் இரண்டும் நாற்பது, அதில் அவன் சுமார்தான். மிச்சம் இருந்தது 'கை'.

அதற்கு ஐம்பது போட்டிருந்தேன். ஐந்து கிழமையும் ஐம்பது.

4. பேசாத பென்சில்

ஆறாவது ஞாயிறு டெனிஸ் நேரில் வந்தார். கடைசி இன்னிங்ஸ். இரு அணியும் சமம். எதிரணியின் ஒருவன் மூன்றாம் பேஸில், அதாவது மூன்றாவது தட்டில்; வீடு என்கிற அடிக்கும் தட்டை மிதித்து ஓட்டம் எடுக்க இன்னும் ஒரே பேஸ் தூரம். மூன்று பேர் ஆட்டமிழந்தால்தான் அவர்களின் முறை முடியும். ஒருவன்தான் ஆட்டமிழந்திருந்தான்.

சென்டர் ஃபீல்டுக்குப் பந்து உயர்ந்தது. அதிகத் தூரமில்லை. ரூடி முன்னுக்கு வந்து, நின்று, பிடித்தான். நான் வழக்கம்போல் குனிந்து எழுதினேன்.

எழுதி நிமிர்ந்தபோது எதிரணி துள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் தோற்றிருந்தோம்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கிரிக்கெட்டில் பந்தைப் பிடித்தால் அந்தப் பந்து முடிந்தது. பேஸ்பாலில் அப்படியில்லை. பிடித்த கணத்திலிருந்து பேஸில் நிற்பவன் ஓடலாம். அதனால் பிடித்தவன் உடனே எறியவேண்டும். இந்த விதி எனக்குத் தெரியும், அதற்குரிய குறியீட்டையும் எழுதத் தெரியும். ஆனால் என் கழுத்துக்குத் தெரியவில்லை. கல்லூரியில் பழகின கழுத்து, பந்து கைக்குள் விழுந்ததும் தானாகக் குனிந்துவிடும். பிடித்த பிறகு ரூடி என்ன செய்கிறான் என்பதை ஆறு கிழமையில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

பின்னால் நின்ற டெனிஸ் பார்த்துவிட்டார்.

"பிடிச்சுப்போட்டுக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டான்," என்றார். "மற்றவன் நடந்து வந்து வீட்டை மிதிச்சான். இது முதல் தரமோ?"

நான் புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டினேன். என் அழகான கையெழுத்தில் எல்லாம் இருந்தது. இரண்டாம் ஞாயிறு ஒன்று. மூன்றாம் ஞாயிறு இரண்டு. ஐந்தாம் ஞாயிறு ஒன்று. சென்டர் ஃபீல்டில் பிடி, மூன்றாம் பேஸிலிருந்து ஓட்டம். இதெல்லாம் அடித்தவனின் கெட்டித்தனம் என்று நினைத்துக் கணக்கு மட்டும் வைத்திருந்தேன். எங்கள் அணித் தலைவரும் விதிப் புத்தகத்தை வாசித்து விளையாட்டுப் படித்தவர்தான். பந்தைப் பிடித்தாலே புண்ணியம் என்று இருந்தவர் அவர். பிடித்தால் ரூடி எறியமாட்டான் என்று தெரிந்தது எதிரணிகளுக்கு மட்டும்தான்.

"இந்த நாலிலும் பந்து எவ்வளவு தூரம்?"

"தெரியாது."

"கைக்கு ஐம்பது போட்டிருக்கிறாய். எந்த எறியைப் பாத்துப் போட்டனி?"

நிலத்தில் உருண்டுவரும் பந்துகளை ரூடி பக்கத்தில் வந்து நிற்கும் ஆளிடம் மெதுவாகக் கொடுப்பான். தூர எறிந்து நான் கண்டதில்லை; காலை ஊன்றி எறிந்திருந்தால் அந்தச் சுத்தமான முடிவிடத்தில் குழி விழுந்திருக்கும். 'பயிற்சியில் பார்த்தேன்' என்று சொல்லியிருக்கலாம். டெனிஸ் பயிற்சிக்கு வருகிறவரில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்டையும் பாக்கேல்லை," என்றேன். "பெட்டி வெறுமையா இருந்தால் அவனுக்குக் குறையாப் போயிடும் எண்டு நினைச்சன். நடுவிலை போட்டால் ஒருத்தருக்கும் பாவமில்லை எண்டு போட்டன்."

டெனிஸ் புத்தகத்தை மூடி வைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வெறுமையா விட்டிருந்தால் நான் முதல் கிழமையே கேட்டிருப்பன். ஒரு அட்டை போட்டிருப்பன், அவனை எறிய விட்டுப் பார் எண்டு. ஐம்பது எண்டு இருந்தபடியால் கேக்கேல்லை. உன்ரை ஐம்பதாலை அவனுக்கு அஞ்சு கிழமை போச்சு." கார்ச் சாவியை எடுத்தார். "அடுத்த ஞாயிறு வாறன். அதுக்குப் பிறகு விடுமுறை, என்ரை பட்டியல் முடியுது."

தூரத்தில் ரூடி இன்னும் சென்டர் ஃபீல்டில் நின்றான். என்ன நடந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. பந்தைப் பிடித்தேனே, பிறகு ஏன் தோற்றோம் என்ற முகம். எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது.

5. பிடித்த பிறகு

திங்கட்கிழமை நாலு மணிக்குத் தபால் வேலை முடித்து அவன் சைக்கிளில் வந்தபோது, எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பதையும் சொன்னேன். கோபிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் யோசித்தான்.

"எங்கடை விளையாட்டிலை வட்டை விழுத்தினால் முடிஞ்சுது," என்றான். "பலகையைக் கீழை வைச்சிட்டு மற்ற ஆக்களைப் பாக்கிறதுதான். விழுந்ததோடை பிறகு என்ன கதை?"

"என்ரை விளையாட்டிலும் அப்பிடித்தான். பிடிச்சால் நான் குனிஞ்சிடுவன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒருவன் யாழ்ப்பாணத்துக் கல்லூரி மைதானத்திலிருந்து வந்தவன், மற்றவன் பேர்ண் மாட்டு வயலிலிருந்து வந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் ஸ்பிண்டன் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்தக் கிழமை நாங்கள் செய்தது இதுதான். அணித் தலைவர் பந்தை உயர அடிப்பார். நான் என் வேலைச் சப்பாத்தோடு மூன்றாம் பேஸில் நிற்பேன். ரூடி பிடித்ததும் நான் வீட்டுக்கு ஓடுவேன். என்னை வெல்லவேண்டும். முதல் நாள் இருபது தடவை ஓடினேன், இருபது தடவையும் நான்தான் முந்தி. அவன் பிடித்து, நின்று, யோசித்து, பிறகு எறிந்தான். இரண்டு பந்து ஸ்பிண்டனின் ஜெரேனியப் பூச்சட்டிகளுக்குள் போனது.

"எறிய முந்தி யோசிக்காதை," என்று டெனிஸ் தொலைபேசியில் சொல்லச் சொன்னதாக அணித் தலைவர் சொன்னார். ஆக, மனுசன் எங்களைக் கைவிடவில்லை.

ரூடி அதை வேறு விதமாகத் தீர்த்தான். பந்து இறங்கும் இடம் அவனுக்குத்தான் எப்போதோ தெரியுமே. புதன்கிழமையிலிருந்து அங்கே போய் நிற்காமல் நாலடி பின்னால் நின்றான். பந்து இறங்கும்போது முன்னுக்கு நடந்துவந்து, அந்த நடையிலேயே பிடித்து, அந்த நடையிலேயே எறிந்தான். வேறு ஒருவனுக்கு இதைப் படிக்க ஒரு வருடம் வேண்டும். எங்கே விழும் என்று தேடுகிறவனுக்கு எங்கே நாலடி மிச்சம் வைக்க நேரம்? வெள்ளிக்கிழமை நான் பத்துத் தடவை ஓடினேன். எட்டுத் தடவை பந்து என்னை முந்தியது.

அன்று குணம் அண்ணைக்கு லீவு. வேடிக்கை பார்க்க வந்தவரின் கையில் கிளவு என்கிற தோல் கையுறையை மாட்டி வீட்டுத் தட்டில் நிறுத்தியிருந்தோம். ஒரு எறி தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் நேராக வந்து கிளவுக்குள் விழுந்தது. அவர் கிளவைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தார்.

"உவன் தபால் குடுக்கிறவனோ," என்றார், "கதவை உடைக்கிறவனோ?"

பலகையை வானத்துக்கு எறிந்து எறிந்து வளர்ந்த தோள் அது. பதினாறு வருடம் வளர்த்த தோளைப் பேஸ்பாலில் மட்டும் சும்மா தொங்கப்போட்டிருக்கிறான்.

6. ஒரு எறி

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பத்து மணிக்கு. டெனிஸைக் காணவில்லை. கம்பிவேலிக்கு வெளியே தடித்த மீசையோடு ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரூடியின் அப்பா. தவணை முடிந்ததும் கையோடு கூட்டிக்கொண்டு போக வந்தவர் மாதிரித்தான் இருந்தது.

முதல் இன்னிங்ஸிலேயே வந்துவிட்டது. மூன்றாம் பேஸில் எதிரணியின் மிக வேகமான ஆள். ஒருவன்தான் ஆட்டமிழந்திருந்தான். பந்து சென்டர் ஃபீல்டின் ஆழத்துக்குப் போனது. நான் பென்சிலைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் கழுத்து குனியும் என்று பயம்.

ரூடி பின்னுக்கு ஓடினான். நேர்கோடு. ஓடி, விழும் இடத்தையும் தாண்டி நாலடி போனான். திரும்பினான். முன்னுக்கு நடந்தான். மூன்றாம் பேஸில் நின்றவன் பிடித்ததைப் பார்த்துவிட்டுச் சாவதானமாகப் புறப்பட்டான், ஊருக்கெல்லாம் தெரிந்த ரூடிதானே என்று. ரூடியின் வலது கால் ஒரு தடவை நிலத்தில் ஊன்றியது. தோள் சுழன்றதையும், பந்து ஒரு ஆள் உயரத்தில் நேராகப் பறந்ததையும் கண்டேன். அடுத்ததாகப் பந்து வீட்டுத் தட்டில் எங்கள் ஆளின் கிளவுக்குள் இருந்தது. ஓடிவந்தவனுக்கு இன்னும் நாலு எட்டு இருந்தது. அவன் ஓடுவதை விட்டுவிட்டு நின்று, திரும்பி, ரூடியைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் பிரைபூர்க் போகிற ரயிலின் சத்தம்தான் கேட்டது.

டெனிஸ் மூன்றாம் இன்னிங்ஸில் வந்தார். சூரிச் வீதியில், கிரௌஹோல்ஸ் ஏற்றத்தில் விபத்தாம், முக்கால் மணித்தியாலம் காருக்குள் இருந்தாராம். என் பின்னால் வந்து நின்றார். இன்னும் ஆறு இன்னிங்ஸ் இருக்கிறதே, இன்னொரு எறி வராதா, அவரே பார்ப்பாரே என்று இருந்தேன்.

வரவில்லை. அன்று முழுக்க ஒருவனும் ரூடிக்கெதிராக ஓடவில்லை. ஏழாம் இன்னிங்ஸில் மூன்றாம் பேஸில் ஒருவன் நின்றான், நல்ல தூரத்துப் பந்து, யாரும் ஓடுகிற பந்து. ரூடி நடந்துவந்து பிடித்தான். பேஸில் நின்றவன் இரண்டு எட்டு வைத்தான், ரூடியின் தோளைப் பார்த்தான், திரும்பிப் போய் பேஸை மிதித்தான். அதற்கு ஸ்கோர் புத்தகத்தில் குறியீடு கிடையாது.

ஆட்டம் முடிந்ததும் டெனிஸ் படிவத்தை என் மேசையில் வைத்தார். நாலு பெட்டி நிரப்பியிருந்தது. 'கை' வெறுமை.

"முதல் இன்னிங்ஸிலை எறிஞ்சவன் எண்டு சொல்லுறாங்கள். நான் காணேல்லை. நீ கண்டனியோ?"

"ஓம், கண்டன்."

"குனியேல்லையோ?"

"பென்சிலைக் கீழை வைச்சிட்டன்."

"எவ்வளவு?"

"எழுபது."

"எல்லாரும் எண்பது எண்டுறாங்கள். ஏன் எழுபது?"

"ஒரு எறிதான் கண்டனான்."

அவர் என்னைப் பார்த்தார். போன கிழமைதான் இவரிடம் பொய்ப் புள்ளி போட்டவன் என்று ஒப்புக்கொண்டவன் நான். இன்று என் ஒரு சொல்லில் ரூடியின் ஞாயிறெல்லாம் தொங்குகிறது. "எறிஞ்ச இடத்திலை கால் ஊன்றின தடம் இருக்கும்," என்றேன். "வாங்கோ, காட்டுறன்."

"வேண்டாம்," என்றார். "போன கிழமை 'பாக்கேல்லை' எண்டு சொன்னவன், இண்டைக்குக் 'கண்டன்' எண்டால் கண்டவன்தான்."

தன் பேனையால் எழுபது என்று எழுதினார். அதே பேனையால் தன் பட்டியலில் ரூடியின் பெயரை எழுதினார்.

நான் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்த நாட்டுக்கு வந்து, நான் கண்டேன் என்று சொன்னதை வேறு அத்தாட்சி கேட்காமல் ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது வேலியோரத்தில் ரூடியின் அப்பா என்னை மறித்தார். "இந்த விளையாட்டிலை பிடிச்சால் முடிஞ்சுதோ, இல்லையோ?"

"இல்லை. பிடிச்ச பிறகுதான் தொடங்குது."

மீசையைத் தடவினார். "எங்கடை வயலிலை நிண்ட தோள் அது," என்றார். அதை நாலு பேருக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

7. திங்கட்கிழமை

அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த மைதானத்தில் வேலை செய்தேன். ஸ்பிண்டன் ஓய்வு பெற்றதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. ஞாயிறுகளில் வேறு வேறு அணிகளுக்காக நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்து எழுதினேன். இப்போது எங்கள் பிள்ளைகளே ஆட்களைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள், கம்ப்யூட்டரில். என் பழைய படிவங்களைக் காட்டினால், "ஏன் இவ்வளவு வெறும் பெட்டி?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காணாத பெட்டியை வெறுமையாக விடுங்கள். வெறும் பெட்டியைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள். கேட்டால் அந்த ஆளுக்கு இன்னொரு ஞாயிறு கிடைக்கும். இரக்கப்பட்டு நடுவில் போடும் ஐம்பதைப் பார்த்து ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு இதைப் படிக்க ரூடியின் ஐந்து கிழமை செலவானது.

அந்தத் திங்கட்கிழமை வழக்கம்போல் புல்லை மிதித்துக்கொண்டு போனேன். சென்டர் ஃபீல்டில், நேர்கோடு முடிகிற இடத்தில், முதல் தடவையாக ஒரு குழி. புல்லும் வேருமாகக் கிளம்பி, என் விரல்கள் முழுக்கப் போகிற ஆழம். நான் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருக்க ஸ்பிண்டன் வந்தார்.

"ஆர் இப்பிடிக் கிண்டினது?"

"ரூடி."

"அவன் ஒருநாளும் புல்லைக் கிழிக்கிறவன் இல்லையே."

"இனிக் கிழிப்பான்," என்றேன். "ஆனால் எங்கடை புல்லை இல்லை. ஓர்லிகோன் புல்லை."

ஸ்பிண்டன் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மண்வாளியை எடுக்கப் போன என்னைக் கையால் மறித்து, "நாளைக்கு மூடலாம்," என்றார்.